இருப்புக் கொள்ளவில்லை

ஜெல் வைத்த சீட்டைத்தான் முதலில் வாங்கினேன்.
கடைக்காரன் விரலால் அழுத்திக் காட்டினான்,
அமுங்கி, யோசித்து, எழுந்தது.
ஜனவரி வெயிலில் அது வாணலி.
ஜூலையில் பாறை.

அப்புறம் காற்றடைத்த மெத்தை.
வளைவில் நான் ஒரு பக்கம் சாய
அது இன்னொரு பக்கம் சாய்ந்தது.

புவனெஸ் அயர்ஸிலிருந்து வந்தது ஒன்று,
அகலமென்றால் அப்படியோர் அகலம்.
சிக்னலில் என் இரண்டு கால்களும்
தரையைத் தேடின, கிடைக்கவில்லை.
பைக்கும் நானும் மெதுவாக, மரியாதையாக
ஒரு ரொட்டிக்கடை வாசலில் விழுந்தோம்.
உள்ளே வரிசையில் நின்றவர்கள்
வரிசையை விடாமலே வருத்தப்பட்டார்கள்.

கடைசியில் ஆல்தோ பியூவிடம் போனேன்.
ட்ரெலியூவில் லாரி சீட்டுக்கும்
பல் டாக்டர் நாற்காலிக்கும் உறை தைப்பவர்.
"எங்கே வலிக்கிறது?" என்றார்.
முன்பின் தெரியாத மனிதரிடம்
அந்த இடங்களுக்கு எப்படிப் பேர் சொல்வது?
சாலையை வைத்துச் சொன்னேன்:
உஸ்குதுன் வரும்போது இடது எலும்பு.
கராயல்தேவில் முதுகின் அடி நுனி.
கொமொதோரோவில் இறங்கினால்
இடுப்புக்குக் கீழே வேறு யாரோ ஒருத்தி.
அவர் சிரிக்கவில்லை.
பென்சிலைக் காதிலிருந்து எடுத்து
மூன்றாம் எண் நெடுஞ்சாலையைக்
கிலோமீட்டர் வாரியாகக் குறித்துக்கொண்டார்.

பிறகு பலகையில் ஈரக் களிமண் பரப்பி
பாலிதீன் விரித்து
"உட்காருங்க, சென்யோரா ஒயார்சோ,
காலண்டரைப் பாத்துக்கிட்டே இருங்க"
என்று சொல்லிவிட்டு
மாத்தே குடிக்க வெளியே போனார்.

எழுந்து பார்த்தேன். இரண்டு பள்ளம்.
வலது, தேக்கரண்டி.
இடது, குழம்புக் கரண்டி.

"என்ன வேலை பாத்தீங்க?"

பஸ் நிலையம், நான்காவது கவுண்டர்,
இருபத்து மூன்று வருஷம்.
டிக்கெட் அடிக்கும் மெஷின் இடது கைப்பக்கம்.
உஷுவாயாவுக்கு ஒன்று, திரும்பினேன்.
ரியோ கஷேகோஸுக்கு இரண்டு, ஜன்னலோரம்,
திரும்பினேன்.
எல்லோரும் போனார்கள், நான் இருந்தேன்.
இருந்து இருந்து
எலும்பு அதைக் கணக்கெழுதி வைத்திருக்கிறது.
ஓய்வு பெற்ற மறுநாள் காலை
வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை,
பைக் வாங்கினேன். அவ்வளவுதான் கதை.

"மெத்துனு இருந்தா அரை மணி நேரம் சுகம்.
அதுக்கப்புறம் எலும்பு அடியைத் தேடிக்கிட்டு இறங்கும்.
தாங்குறதுதான் வேணும் உங்களுக்கு."
ஃபோமைச் சீவினார். மஞ்சள் தூள்
அவர் புருவத்தில் ஒட்டியது.
உறை போடாத சீட்டில் ராசன் வரை போய்வரச் சொன்னார்.
போய்வந்தேன். சீவினார்.
மறுபடி போனேன்.
மூன்றாம் முறை தூறல்,
ரொட்டிப் பையைக் கிழித்துச் சீட்டில் கட்டிக்கொண்டு போனேன்.
ஐந்தாம் முறை திரும்பி வந்து
பேசாமல் நின்றேன்.
கத்தியைத் துடைத்து உள்ளே வைத்தார்.
உறைக்கு என்ன நிறம் என்றார்.
எதுவானாலும் சரி என்றேன்.
வாசல்வரை போய்த் திரும்பி வந்து,
பச்சை மட்டும் வேண்டாம்.

மார்ச்சில் கிளம்பினேன்.
வலப்பக்கமிருந்து காற்று, வழக்கம்போல.
வேலியோரம் ஒரு குவனாக்கோ
என்னைப் பார்த்து மெல்லுவதை நிறுத்தியது.
ஓடும் மேகத்தின் நிழலைத்
துரத்திக்கொண்டே போனதில்
கராயல்தே பெட்ரோல் பங்கில் நின்ற பிறகுதான்
உஸ்குதுன் எப்போதோ தாண்டிவிட்டது
நினைவுக்கு வந்தது.

பின்னால் லாரி ஹாரன் அடித்தது.
பங்க் பையன் பைக்கை ஓரம் தள்ள
ஏறி உட்கார்ந்தான், நெளிந்தான்,
இறங்கிக் குனிந்து பார்த்தான்.
"சீட் கோணலா இருக்கே, சென்யோரா.
யாரோ ஏமாத்திட்டாங்க."

காசு கொடுத்துச் செய்த கோணல் தம்பி அது,
என்றேன்.
டேங்கை நிரப்பு. கழுத்து வரைக்கும்.